பிளேஸ்டோவில் ஜனாதிபதிக்கு முப்பத்தொன்று

லண்டனுக்கு நான் போனது ஒரு பழைய அச்சு இயந்திரத்தைப் பார்த்துவர. செய்துவிட்டுத் திரும்பியது, அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஒருவருக்கு முப்பத்தொன்றாம் நாள் காரியம். இதைச் சொன்னால் திருவல்லிக்கேணியில் யாரும் நம்புவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

1994 மே மாதம். கிழக்கு லண்டனில் மூடிவிட்ட ஓர் அச்சகத்தில் ஆப்செட் இயந்திரம் ஒன்று சும்மா கிடக்கிறது, வந்தால் அள்ளிக்கொண்டு போகலாம் என்று என் வாடிக்கையாளர் ஒருவர் ஆசை காட்டினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தங்குவதற்குப் பிளேஸ்டோவில் தன் மைத்துனர் சின்னத்துரையின் வீட்டையும் ஏற்பாடு செய்து கொடுத்தார். நான் போய் இறங்கிய மறுநாள் சின்னத்துரை தன் வேனில் என்னை அந்த அச்சகத்துக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்த வெள்ளைக்காரக் கிழவர் கையில் பாதி தின்ற சாண்ட்விச் இருந்தது. "அந்த மெஷினா? போன செவ்வாய்க்கிழமைதான் உடைத்து இரும்புக்குப் போட்டேன். ஒரு சக்கரம் மிச்சம் இருக்கிறது. ஞாபகார்த்தமாக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்தவனுக்கு ஒரு சக்கரம். ஊர் திரும்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

சின்னத்துரைக்கு அறுபத்தொரு வயது. வீட்டுக்குக் கீழே மரக்கறிக் கடை. மனைவி பரமேஸ்வரி அக்கா தேநீரை வாளி மாதிரி ஒரு கோப்பையில் கொடுத்தார். எங்கள் தெருக்கடையில் அதை வைத்து நாலு பேரை அனுப்பிவிடுவார்கள். நான் அதற்குள் முகத்தை மறைத்துக்கொண்டு என் இயந்திரத்துக்காகத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தேன். சின்னத்துரை எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. எனக்கொரு கல்வெட்டு வேணும்."

நம் ஊரில் கல்வெட்டு என்றால் கோயில் சுவர். யாழ்ப்பாணத்தாருக்கு அது செத்தவருடைய முப்பத்தொன்றாம் நாள் கொடுக்கிற சிறு புத்தகம். அட்டையில் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. உள்ளே செத்த திதியைச் சொல்லும் வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, உறவினர் பட்டியல், கடைசியில் நன்றி. எண்பதுகளில் அவர்கள் சென்னைக்கு வந்து குவிந்தபோது என் அச்சகத்தில் இப்படி நிறைய அடித்திருக்கிறேன். பார்க்காத மனிதர்களின் பெருந்தன்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

"யாருக்கு அண்ணே?" என்று குரலைத் தணித்துக் கேட்டேன்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினார். போன மாதம் காலமான அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. செத்தவர் பெயரைச் சும்மா சொல்லக்கூடாது என்று 'பெரியவர்' என்றே குறிப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒலிநாடாக்கள் அம்பலப்படுத்தியதால் பதவியை விட்டு இறங்கியவர் என்றால் உங்களுக்கே ஆள் தெரிந்துவிடும்.

மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்றே அன்று படுக்கப் போகும்போது நினைத்தேன். இலவசமாகப் படுக்கை கொடுத்தவரைப் பற்றி அப்படி நினைப்பது நன்றிகெட்ட வேலைதான். ஆனாலும் நினைத்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு என்னை எழுப்பி மொத்தச் சந்தைக்கு அழைத்துப் போனார். கோயம்பேடு என்று சொல்லலாம். ஆனால் ஒருவரும் கத்தவில்லை. முருங்கைக்காய் எல்லாம் பெட்டிக்குள் ஆஸ்பத்திரி நோயாளிகள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தது. சின்னத்துரை ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்து உருட்டியபடியே சொன்னார்:

"பெரியவரும் சின்ன வயசில இப்பிடித்தான் தம்பி. தேப்பன் பலசரக்குக் கடை. பெடியன் விடிய நாலு மணிக்கு எழும்பி வண்டியோட்டிக்கொண்டு போய் மரக்கறி வாங்கி வந்து, கழுவி அடுக்கிப்போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனவர். ரெண்டு சகோதரத்தையும் காசநோயில குடுத்தவர். நான் புத்தகத்தில வாசிச்சனான்."

"அதுக்காக உங்க வீட்டுல காரியம் பண்ணணுமா அண்ணே?"

அவர் கத்தரிக்காய்ப் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தார். பதில் எனக்குப் புட்டோடு கிடைத்தது. காலை பத்து மணிக்கு அவர் கடையில் நிற்க, பரமேஸ்வரி அக்கா மேலே எனக்குப் புட்டும் சம்பலும் பொரித்த மீனும் வைத்தார். நான் இரண்டாவது தடவை போட்டுக்கொள்ளும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, இவர் உங்களுக்கு முழுக்கதையும் சொல்லேல்லை. நான் சொல்லுறன்."

எழுபத்து நாலாம் ஆண்டு. சின்னத்துரை தங்கள் ஊர் வாசிகசாலையின், அதாவது படிப்பகத்தின், தலைவர். செயலாளர் ரத்தினசிங்கம், இவரைவிட ஐந்து வயது இளையவர், நிழல் மாதிரி கூடத் திரிந்தவர். வாசிகசாலைக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவி வந்தது. கோயில் திருவிழாவில் ஒரு பெரிய வித்துவானின் நாதசுரத்தை அதில் பிடித்தார்கள். அடுத்த மாதம் வித்துவான் இறந்துபோனார். அவர் வாசிப்பில் உலகத்தில் மிஞ்சியது அந்த ஒரு நாடாதான். ஒரு மத்தியானம் சின்னத்துரை தனியே உட்கார்ந்து, ஆண்டுவிழாவில் பேசப்போகும் தலைமையுரையைப் பேசிப் பதிவு செய்து பார்த்தார். குரல் கம்பீரமாக இருந்தது. எந்த நாடாவில் பேசினோம் என்று பிறகுதான் பார்த்தார். பயந்துபோய் தன் குரலையும் அழித்தார். நாதசுரம் இருந்த இடத்தில் இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை.

ஊர் கூடிக் கேட்டது. சாவி இருந்தது இரண்டே பேரிடம். சின்னத்துரை, "அண்டைக்குச் சாவி ரத்தினத்திட்டத்தான் இருந்தது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது.

நாம் ரப்பர் என்பதை அவர்கள் அழிறப்பர் என்பார்கள். அன்று மாலையே ரத்தினசிங்கத்துக்கு 'அழிறப்பர்' என்று பட்டம் விழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பட்டம் என்பது வீடு, வளவு மாதிரி, பிள்ளைகளுக்கும் போகும். வீடும் வளவும் சண்டையில் போய்விட்டன. பட்டம் மட்டும் விமானம் ஏறி லண்டனுக்கு வந்தது.

"போன மார்கழியில ஒரு கலியாணவீட்டில ரத்தினத்தின்ர பேரப்பெடியனை மற்றப் பெடியள் 'அழிறப்பர்' எண்டு கூப்பிட்டவங்கள். ஆறு வயசு. அவனுக்கு என்னத்துக்குக் கூப்பிடுறாங்கள் எண்டே தெரியாது. சிரிச்சுக்கொண்டு ஓடுறான். அண்டையிலயிருந்து இந்த மனிசன் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை. அதுக்குமேல பெரியவர் செத்தார். பேப்பர் முழுக்க அழிஞ்ச நாடாக் கதை. அங்கயும் செயலாளரைத்தானே சொன்னவை. நாடாவில பதினெட்டு நிமிசம் காணேல்லையாம்."

"ரத்தினசிங்கம் எங்க இருக்கார் அக்கா?"

"ஸ்ட்ரெதத்தில. இருபது வருசமாக் கதையில்லை. கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும் வரார். ஆனா செத்தவீட்டுக்கு ஆரும் கூப்பிடுறேல்லைத்தானே. கேள்விப்பட்டா வரவேணும், பகையாளியெண்டாலும் வரவேணும். எங்கட வீட்டில சாகிறதுக்கு ஒருத்தருமில்லை. அதால இவர் அமெரிக்காவில ஆளைப் பிடிச்சார்." பிறகு குரல் உடைந்தது. "எனக்கும் தெரியும் தம்பி, நாடா அழிஞ்ச நாளிலயிருந்து. நானும் வாயைத் திறக்கேல்லை."

மூளை பிசகவில்லை. மனிதர் தன்னிடம் இருந்த ஒரே வழியைப் பிடித்திருந்தார். நான் பேனாவை எடுத்தேன்.

அடுத்த மூன்று நாளும் அந்தச் சாப்பாட்டு மேசையில் ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் வாழ்க்கையை எடை போட்டோம். முதல் சண்டை நாளைப் பற்றி. அவர் உயிர் பிரிந்தது அமெரிக்காவில் வெள்ளி இரவு. யாழ்ப்பாணத்தில் அப்போது சனி விடிந்துவிட்டது. சின்னத்துரை யாழ்ப்பாணக் கணக்கே சரி என்றார். பரமேஸ்வரி அக்கா வெள்ளிக்கே நின்றார். சனிச்சாவு என்றால் துணைக்கு ஆள் தேடும் என்று அவருக்குப் பயம். சனியில் வைத்தால் முப்பத்தொன்று திங்கட்கிழமை வரும், சனங்கள் வேலைக்குப் போய்விடும் என்று நான் சொன்னதும் சின்னத்துரை வெள்ளிக்கு இறங்கி வந்தார்.

வெண்பாவுக்கு ஒரு முழு மத்தியானம் போனது.

ஆண்டு பவவாகும் சித்திரையில் வெள்ளியன்று
நீண்டதோர் நாடாவால் நீங்கினார் – மீண்டும்
மரக்கறிக் கூடையுடன் வானுலகச் சந்தை
விடியுமுன் போனார் விரைந்து.

"வடிவாயிருக்கு" என்ற சின்னத்துரை, விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "திதி எங்கை?" என்றார். திதி வெண்பாவில் திதி இல்லை. திரயோதசியை எந்தச் சீருக்குள்ளும் என்னால் திணிக்க முடியவில்லை. கீழே சிறிய எழுத்தில் போட்டுவிடுவதாகச் சமாதானம் செய்தேன்.

தேவாரப் பக்கம் வந்தது. பெரியவர் பிறந்த குடும்பம், கூடி உட்கார்ந்து பேசாமல் பிரார்த்திக்கிற கிறிஸ்தவர்கள். பாட்டு, பதிகம் ஒன்றும் கிடையாது. "அப்ப என்ன செய்யிறது?" என்று யோசித்த சின்னத்துரை, "ஒரு பக்கத்தை வெறுமையா விடுவம். மௌனப் பிரார்த்தனை" என்றார். என் முப்பது வருட அச்சுத் தொழிலில் வெறும் பக்கத்தை வேண்டுமென்று விடச் சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

உறவினர் பட்டியல் சுலபமாக வந்தது. 'கலிபோர்னியாவைப் பிறப்பிடமாகவும், வெள்ளை மாளிகையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட' என்று நான் தொடங்கியதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். உண்மையான சண்டை வாழ்க்கை வரலாற்றில்தான் வெடித்தது.

அவர் சொல்லச் சொன்னவை: சீனாவின் கதவைத் தட்டித் திறந்தது, காற்றையும் தண்ணீரையும் காக்க ஓர் அரசு அமைப்பை உண்டாக்கியது, தோற்றும் திரும்ப எழுந்து நின்றது, மனைவியின் சாவில் எல்லாரும் பார்க்கத் தேம்பி அழுதது. எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே நான் என் கணக்கில் எழுதினேன்: கம்போடியாவில் விழுந்த குண்டுகள். எழுபத்தொன்றில் வங்கம் எரிந்துகொண்டிருந்தபோது கொன்றவர் பக்கம் சாய்ந்து, வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பல் அனுப்பியது. அந்த நாட்களில் என் அச்சகச் சன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டிக்கொண்டு நாங்கள் வேலை செய்தோம். இருபத்து மூன்று வருடம் ஆகியும் எனக்கு அந்தக் கோபம் இறங்கவில்லை. பிறகு நாடா, பொய், பதவி விலகல். அவருக்காக வேலை பார்த்தவர்கள் ஜெயிலுக்குப் போனது. அவர் மட்டும் மன்னிப்புப் பெற்று வீட்டுக்குப் போனது.

சின்னத்துரை தாளைக் கீழே வைத்தார். "கல்வெட்டில குறை எழுதுறேல்லைத் தம்பி."

"குறையே இல்லாம எழுதினா அது யாரோட கல்வெட்டுன்னு எப்படித் தெரியும் அண்ணே? நான் அடிச்ச கல்வெட்டு எல்லாத்துலயும் ஒரே ஆள்தான் செத்திருக்கார். பேர் மட்டும்தான் வேற வேற."

"செத்தவர் பாவமெல்லோ."

"ஜெயிலுக்குப் போனவங்க?"

நான் வாயை அடக்கியிருக்கலாம். அவர் முகம் சுண்டிவிட்டது. கீழே யாரோ வாடிக்கையாளர் கூப்பிட, எழுந்து போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "எல்லாத்தையும் அப்பிடியே விடுங்கோ. குறையும் இருக்கட்டும்" என்றார். "நன்றிப் பக்கத்தை நான் எழுதுறன்."

அதில்தான் சொல்லப்போகிறார் என்று நானும் அக்காவும் கண்ணால் பேசிக்கொண்டோம். வியாழக்கிழமை எழுதிக் கொடுத்தார். வந்தோருக்கும் மலர்வளையம் அனுப்பியோருக்கும் உளமார்ந்த நன்றி என்று இருந்தது. மலர்வளையம் யாரும் அனுப்பியிருக்கவில்லை. நாடாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுத்துப் பிழை இரண்டைத் திருத்திவிட்டுத் தாளை மடித்து வைத்தேன். எரிச்சலாக இருந்தது.

சாவை ஆள்போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முறை. வெள்ளிக்கிழமை ஸ்ட்ரெதத்துக்கு அந்த ஆளாக நான் போனேன். இரட்டைத்தட்டு பஸ்ஸின் மாடியில் முன்வரிசை கிடைத்தது. சென்னையில் படிக்கட்டில் ஒரு கால் கிடைத்தால் அதிர்ஷ்டம். இங்கே சினிமா பார்க்கிற மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததில் இறங்க வேண்டிய இடம் பின்னால் போய்விட்டது. கடைசியில் ஓட்டுநர் மேலே ஏறி வந்து, "ஐயா, இது கிராய்டன். இதற்கு மேல் போக வேண்டுமென்றால் நீங்களேதான் ஓட்ட வேண்டும்" என்றார். திரும்பும் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியிடம் நான் சாவு சொல்லப் போவதைச் சொன்னேன். யார் என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஆளா? பொய்யர். ஆனால் பாவம், வியர்வை துடைக்கவே அவருக்கு நேரம் போயிற்று" என்று சொல்லிவிட்டு எனக்கொரு மிட்டாய் கொடுத்தார். மூன்று நாள் எங்கள் வீட்டில் நடந்த சண்டையை அம்மாள் இரண்டு நிறுத்தத்துக்குள் முடித்துவிட்டார்.

ரத்தினசிங்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி. எந்தப் பம்ப் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சாவு சொல்ல வந்திருக்கேங்க" என்றேன்.

அவர் உடனே எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ. ஆர் ஐயா?"

"அமெரிக்காவோட முன்னாள் ஜனாதிபதி."

மறுபடி உட்கார்ந்தார். "அவர் போன மாதமெல்லோ செத்தவர்."

"ஆமா. ஞாயித்துக்கிழமை முப்பத்தொண்ணு. பிளேஸ்டோவுல சின்னத்துரை அண்ணன் வீட்டுல."

அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தில் கதவு சாத்திக்கொண்டது. "சின்னத்துரைக்கு அவர் என்ன முறை?"

நான் வழியெல்லாம் எத்தனையோ கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. "ரெண்டு பேரும் விடியக்காலையில காய்கறி வாங்கப் போனவங்க" என்று உளறினேன்.

"நான் ஷிப்டில நிக்கிறன். பின்னால ஆக்கள் நிக்கினம். தள்ளி நில்லுங்கோ."

நான் தள்ளி நின்று, பிறகு திரும்பி, நாலு அடி நடந்திருப்பேன். கண்ணாடியில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "ஐயா, பகிடி விட வந்தனீங்களோ?"

"சாவு விஷயத்துல யாராவது பகிடி விடுவாங்களா?" என்றேன். ஒலிபெருக்கி அணைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சின்னத்துரை வாசலிலேயே கேட்டார். "வாறன் எண்டவனோ?"

"சொல்லல. வரமாட்டேன்னும் சொல்லல."

அவர் அன்று கடையில் ஒரு அம்மாளுக்கு உருளைக்கிழங்குக்குப் பதிலாக வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை நகல் எடுக்கிற கடைக்குப் போனோம். ஓர் அச்சகச் சொந்தக்காரன், கையால் எழுதி, நகல் எடுத்து, கம்பி அடித்துப் புத்தகம் போட்டான் என்று தயவுசெய்து வெளியில் சொல்லாதீர்கள். பத்திரிகைப் படம் நகலில் கறுத்து, மீசை நிழலாடி, பெரியவர் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துத் தலைமையாசிரியர் ஆகிவிட்டார். அறுபது பிரதி.

ஞாயிறு பதினொரு மணிக்கு அவர்கள் ஊரைச் சேர்ந்த முப்பது பேருக்கு மேல் அந்தச் சின்ன வீட்டில் கூடிவிட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதிக்கு ஏன் முப்பத்தொன்று என்று ஒருவரும் கேட்கவில்லை. மரக்கறிச் சாப்பாடு என்று கேள்விப்பட்டிருந்தார்கள், அது போதுமாக இருந்தது. படத்துக்கு மாலை, முன்னால் குத்துவிளக்கு, படையல். செத்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைக்க வேண்டுமே. பெரியவர் மத்தியானத்தில் பாலாடைக்கட்டியில் தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார் என்று சின்னத்துரை எங்கோ படித்திருந்தார். வடைக்கும் பாயசத்துக்கும் நடுவே அது வெள்ளையும் சிவப்புமாக உட்கார்ந்திருந்தது. பரமேஸ்வரி அக்கா அந்தப் பக்கம் பார்க்காமலே சாம்பிராணி காட்டினார்.

பன்னிரண்டு ஆயிற்று. சின்னத்துரை சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பன்னிரண்டரைக்கு நான் புத்தகங்களைக் கொடுக்கத் தொடங்கினேன். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ரத்தினசிங்கம் நின்றார். வெள்ளைச் சட்டை, வேட்டி. சாவு வீட்டுக்கு வருகிற மாதிரியே வந்திருந்தார். ஒருவர் விலகி நாற்காலி கொடுத்தார். பின்னால் யாரோ மெல்ல, "அழிறப்பர் வந்திருக்கிறார்" என்றது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு பிழைதிருத்துபவனுக்குத்தான் தெரியும், அப்படிப் படிக்கிறவர்கள் எவ்வளவு குறைவு என்று. வெண்பாவில் உதடு அசைந்தது. வரலாற்றில் நாடா வந்த இடத்தில் நின்றார். இரண்டு தடவை படித்தார். பிறகு பக்கம் திருப்பி, "இதேன் வெறுமையாக் கிடக்கு?" என்று சத்தமாகவே கேட்டார்.

"அது மௌனப் பிரார்த்தனைக்கு" என்றேன்.

"இருபது நிமிசமோ?"

அங்கிருந்த முப்பது பேரும் அந்த ஊர்க்காரர்கள். அந்த இருபது நிமிடத்தை எல்லாரும் அறிவார்கள். சின்னத்துரை பாயசச் செம்போடு நடுவில் நின்றார். அக்கா அவர் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார். அவர் சுற்றி வளைத்து ஏதாவது பேசிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் வளைக்கவில்லை.

"அண்டைக்கு வாசிகசாலைச் சாவி என்னட்டயும் இருந்தது. நாடாவை நான்தான் அழிச்சனான். நாதசுரத்துக்கு மேல என்ர பேச்சைப் பிடிச்சுப்போட்டு, பயத்தில அதையும் அழிச்சனான். ரத்தினத்துக்கு ஒண்டும் தெரியாது. அவன்ர பிள்ளையளுக்கும் தெரியாது. பேரப்பிள்ளைக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இருபது வருசமாத் தெரியும்."

ரத்தினசிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். நான் மன்னிப்பை எதிர்பார்த்தேன். கல்வெட்டு எழுதுகிறவன் புத்தி, கட்டிப்பிடிப்பார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வந்து புத்தகத்தை அந்த வெறும் பக்கத்தில் விரித்து மேசையில் வைத்தார்.

"எழுதித் தாங்கோ."

"என்ன?"

"வாயால சொன்னது ஊருக்குக் காணாது அண்ணை. உங்கட கையால எழுதுங்கோ. எத்தினை கொப்பி அடிச்சனீங்கள்?"

"அறுபது" என்றேன் நான்.

"அறுபதிலும்."

சின்னத்துரை உட்கார்ந்து எழுதினார். 'வாசிகசாலை நாடாவை அழித்தது நான். ரத்தினசிங்கம் அல்ல. இப்படிக்கு, க. சின்னத்துரை.' சனங்கள் தாங்கள் வாங்கிய பிரதிகளைத் திரும்பக் கொண்டுவந்து, ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்றார்கள். எழுதியதை ரத்தினசிங்கம் ஒவ்வொன்றாகப் பார்த்து, மை காய ஊதி, அவரவர் கையில் கொடுத்தார். இருபதாவது பிரதிக்கு மேல் சின்னத்துரைக்குக் கை சளைத்தது. எழுத்துகள் தப்பின, ஓர் இடத்தில் 'அழித்தது' என்பதில் ஒரு 'த்' விழுந்துபோயிற்று. என் வாழ்நாளில் கண்ணில் பட்ட பிழையைத் திருத்தாமல் விட்டது அன்று ஒரு நாள்தான்.

மன்னித்தேன் என்று ரத்தினசிங்கம் கடைசிவரை சொல்லவில்லை. மிஞ்சிய பிரதிகளில் பதினைந்தைத் தனக்கென்று கட்டி எடுத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். "வடை ஆறிப்போச்சு" என்று அக்காவிடம் குறை சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கென்று புதிதாகச் சுட ஓடினார்.

பெரியவருக்கு மன்னிப்பு ஒரே மாதத்தில் வந்துவிட்டது, அவர் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே. அதனால் அவர் தப்பித்தாரா, மாட்டிக்கொண்டாரா என்று அமெரிக்கர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் தீரவில்லை. ஆனால் மாலை போட்ட அந்தக் கறுத்த படத்தைப் பார்த்தபோது, இந்த மனிதருக்கு இப்படி எழுதித் தரச் சொல்லி யாராவது மேசை முன் உட்கார்த்தியிருக்கலாம் என்று பட்டது.

திங்கட்கிழமை காலை நான் கிளம்ப வேண்டும். பெட்டியைக் கீழே கடைக்குள் இறக்கி வைத்துவிட்டு வேனுக்காக நின்றேன். அக்கா கட்டிக் கொடுத்த இடியப்பப் பொட்டலம் கையில் சுட்டது. அந்தச் சக்கரத்தைப் போய் வாங்கியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சின்னத்துரை வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டே தோளால் அதைக் காதில் அணைத்துக்கொண்டார்.

மறுமுனையில் யாரோ பெரிய குரலில் சிரித்தபடி ஏதோ கேட்டார்கள். ஒரே இரவில் செய்தி லண்டன் முழுக்கப் போயிருக்க வேண்டும். சின்னத்துரையின் கை தராசில் ஒரு நொடி நின்றது. பிறகு ஒரு வெண்டைக்காயைக் கூடப் போட்டார்.

"ஓம்," என்றார். "அழிறப்பர்தான் கதைக்கிறன். சொல்லுங்கோ."